பல்லில் கடித்த பறி

டீச்சர்,

இன்று காலை உங்கள் சுருதிப்பெட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டது. பொன்னேரியிலிருந்து உங்கள் அம்மா கொடுத்தனுப்பினார். திறந்தேன். பூச்சி உருண்டை வாசனையோடு, நீங்கள் எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் சுக்கு மிட்டாய் வாசனையும் வந்தது. உடனே மூடிவிட்டேன். பயம்.

நீங்கள் இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது. இன்று மதியம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட அறையில் ஏழு பேர் வந்து உட்காரப்போகிறார்கள். நீங்கள் இல்லாத முதல் பாட்டு வகுப்பு. நடத்தப்போவது நான். சிரிக்காதீர்கள். எட்டாவது வரை படித்தவன், அதிலும் எட்டாவதை இரண்டு தடவை படித்தவன். இன்றைக்கு வாயைத் திறக்காமல் கலைந்தார்கள் என்றால் அடுத்த வாரம் ஒருத்தரும் வரமாட்டார்கள். நாற்பது வயசுக்கு மேல் பாட வருகிறவர்கள், மூன்று மாதமாக ஞாயிறுகளில் வீட்டில் படுத்துப் பழகிவிட்டவர்கள்; இன்றும் விட்டால் முடிந்தது.

காலையிலிருந்து மூன்று தடவை சட்டையை மாற்றிவிட்டேன். “இன்னா நைனா, பரீட்சைக்குப் போற புள்ள மாதிரி கீறே” என்கிறாள் மகள்.

அவள்தானே என்னை உங்களிடம் துரத்தினாள். “வீட்ல பாடி எங்க உசுர வாங்காத, அங்க போய்ப் பாடு” என்று. முதல் நாள் எல்லோரையும் ‘ஆ’ என்று பிடிக்கச் சொன்னீர்கள். எல்லோருக்கும் ‘ஆ’ வந்தது. எனக்கு மட்டும் தண்ணீர் மோட்டார் மாதிரி ‘உம்ம்’ என்று வந்தது.

“வாயைத் திறங்கண்ணா.”

திறந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த, என்னோடு ஏரியில் இறங்கும் முனியம்மா அக்கா குனிந்து பார்த்தாள். “ஐய, பல்லு ரெண்டும் ஒட்டிக்கினு கீது டீச்சர். தொறந்தா எறா ஓடிப்பூடும்னு பயந்துக்கினு கீது.”

அறையே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. “எறா ஏன் ஓடும்?” என்று கேட்டீர்கள்.

அப்புறம்தான் சொன்னேன். நாங்கள் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுகிறவர்கள். அகப்பட்ட எறாவை, அதான் இறாலை, போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த கூடைதான் பறி. அதைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வோம். வாயைத் திறந்தால் அன்றைக்குப் பிடித்தது மொத்தமும் ஏரிக்குத்தான். பத்து வயசிலிருந்து என் தாடை கற்ற ஒரே பாடம் அது.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முன்னாலேயே ஏரிக்கரைக்கு வந்துவிட்டீர்கள். தண்ணீரைக் கண்டாலே பயம் என்று சொன்னவர், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினீர்கள்.

“பறியைக் குடுங்கண்ணா. நான் பிடிச்சிக்கிறேன். நீங்க பாடுங்க.”

“டீச்சர், உள்ள நண்டு கீது.”

“இருக்கட்டும். பாடுங்க.”

பாடினேன். எங்கோ நின்றிருந்த கொக்கு ஒன்று பறந்துபோனது. ஆனால் வாய் திறந்திருந்தது. உங்கள் கையில் பறி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. தண்ணீரில் நின்றும் தாளத்தை விடவில்லையே இந்த அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பொன்னேரித் திருவிழா மேடையில் நான் முதல் தடவை பாடியபோதும் அந்தப் பறியோடு ஓரமாக நின்றீர்கள், கல்யாண வீட்டுக்குக் காய்கறி வாங்கப் புறப்பட்டவர் மாதிரி. இறங்கியதும் சொன்னீர்கள்: “சின்னப் பசங்களுக்குப் பாட்டைக் குடுத்தா போதும். பெரியவங்ககிட்ட முதல்ல பயத்தை வாங்கி வெச்சிக்கணும்.”

என் பயத்தை இப்போது யாரிடம் கொடுப்பது?

மணி இரண்டே முக்கால். மீதியை வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன் டீச்சர்.

ஏழு பேரும் வந்தார்கள். பெட்டியைத் திறந்து சுருதி வைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் நீங்கள் உட்காரும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. சேற்றில் கால் புதைந்து, எடுக்க எடுக்க உள்ளே போகுமே, அப்படி இருந்தது எனக்கு. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன்.

முனியம்மா அக்கா ஏரியிலிருந்து நேராக வந்திருந்தாள். மடியில் பறி.

“அக்கா, அத்த இப்படிக் குடு.”

“எதுக்கு? உள்ள ஒண்ணும் இல்லியே.”

“பரவால்ல. குடுத்துட்டுப் பாடு.”

பறியை ஒரு தடவை கவிழ்த்துத் தட்டினாள். பிறகு கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. எழுந்தவர் நின்றபடியே பாடினார்.

பாதியில்தான் கவனித்தேன், எல்லோரும் என் கையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பயத்தில் என் கை உதறிய உதறலில் பறி குதித்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் அக்கா சொன்னாள்: “தாளம் நல்லாத்தான் போடறே. அப்படியே டீச்சர் மாதிரி.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு முழங்கால் தண்ணீரில் நீங்கள் போட்டதும் தாளம் இல்லை, இல்லையா டீச்சர்?

அடுத்த ஞாயிறு எல்லோரும் வருகிறார்களாம். என் பறியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.