முன் பிரேக்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், அவ்வளவுதான், நலம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மா மூன்று வாரமாகத் தலைவலி மாத்திரையில் நாளை ஓட்டுகிறாள், பக்கத்து வீட்டு டீச்சர் வந்து வற்புறுத்தினால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள்.

மாமா இறந்ததைப் போனில் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. பக்கத்தில் அம்மா இருந்தாள், இல்லாவிட்டாலும் எனக்கு வாய் வந்திருக்காது, அதனால்தான் கடிதம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவனை ஊருக்கு வெளியே இருக்கும் புதுக் கிளைக்கு மாற்றினார்கள், அங்கே பஸ் கிடையாது. நாற்பத்துமூன்று வயதில் முதல் வண்டி வாங்கினான். பயிற்சிப் பள்ளிக்குப் போகிறேன் என்றவனை நான்தான் தடுத்தேன். முப்பது வருஷம் வண்டியில் சுற்றித் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவன் வீட்டில் இருக்கும்போது எவனிடமோ போய்க் கற்பானேன் என்று எனக்கு ரோஷம். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டவைத்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "குக்கருக்கு மூடி போட்ட மாதிரி இருக்கேன், எப்ப விசில் வரும் அத்தான்?" என்று சிரித்தான். கிளட்ச், கியர் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அதோடு, "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிடும், எப்பவும் கால் பிரேக்தான்" என்றும் சொன்னேன். எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் சொன்னது அது, நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

வண்டி எடுத்துப் பத்தொன்பதாம் நாள் காலை, குடோன் வாசலிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக ரோட்டுக்கு வந்துவிட்டது. நேர் ரோடு, இவன் தூரத்திலேயே பார்த்திருக்கிறான். நான் போனபோது போலீஸ்காரர் ரோட்டை அளந்துகொண்டிருந்தார். பின் டயர் இழுத்த கறுப்புக் கோடு லாரி வரைக்கும் ஓடியிருந்தது. "முன் பிரேக்கை இவர் பிடிக்கவே இல்லைங்க, ரெண்டையும் பிடிச்சிருந்தா முன்னாடியே நின்னிருக்கும், யார் கத்துக்கொடுத்தாங்களோ" என்றார். நான் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹெல்மெட் வாரைச் சரியாக மாட்டியிருந்தான், தலையில் ஒரு கீறல் கிடையாது, அடி முழுக்க நெஞ்சில். சாயந்திரம் ஆஸ்பத்திரியில் கண் திறந்து என்னைத்தான் தேடினான். குனிந்தேன். "அத்தான், நீங்க சொன்ன மாதிரி முன் பிரேக்கைத் தொடவே இல்லை" என்றான். நான் திட்டுவேன் என்று பயந்து சொன்னான் போலிருக்கிறது. "நல்லது செஞ்சேடா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும். மறுநாள் காலை போய்விட்டான்.

போன மாதம் நீ வண்டி வாங்கியதும் உனக்கும் போனில் அதையேதான் சொன்னேன். அது தவறு, மறந்துவிடு. நம் தெரு மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். பிரேக் பிடித்ததும் பாரம் முழுக்க முன் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது, வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான் என்கிறார். வெடுக்கென்று பிடித்தால்தான் ஆபத்து. வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இதையும் என் பேச்சை நம்பிச் செய்யாதே. நல்ல பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, கை தானாகப் பிடிக்கிற வரைக்கும் பழகு. நீ அனுப்பிய போட்டோவில் காலில் செருப்பு, கையில் ஒன்றுமில்லை, ஹெல்மெட் யாரோ கொடுத்த பழையது என்றாய். அது ஒருமுறை கீழே விழுந்து உள்ளே விரிசல் விட்டதா என்று உனக்கு எப்படித் தெரியும்? உன் தலைக்கு அளவாகப் புதிது வாங்கு, வாரை மாட்டிய பிறகு ஆட்டினால் அசையக்கூடாது. கணுக்காலை மூடுகிற ஷூ, கையுறை, முழங்கையில் மெத்தை வைத்த ஜாக்கெட், புழுக்கமாக இருந்தாலும் போடு.

முன் பிரேக்கைத் தொடாதே என்று நான் சொல்லிக்கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாது. தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். தினமும் லாரிக்காரனைச் சபிக்கிறாள், நான் எதிரே உட்கார்ந்து தலையாட்டுகிறேன். இனிமேல் முடியாது. இதை உறையில் போடுவதற்கு முன் அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். அதன் பிறகு இந்த வீட்டில் என்ன நடந்தாலும் நீ எனக்காகப் பரிந்து பேசாதே, அவள் பக்கம் இரு.

நீ கைகால் சுகத்தோடு நெடுநாள் இருக்க வேண்டும், வேறு எதுவும் நான் கேட்கவில்லை. பயிற்சி முடிகிற வரைக்கும் பஸ்ஸிலேயே போ, முடிந்ததும் அம்மா பெயருக்கு ஒரு வரி எழுது.

உன் அப்பா