ஐரோப்பாவின் மாமனாரும் உன் சம்பந்திகளும்

நேற்று உன் வீட்டிலிருந்து வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டேன். இருந்தும் விரல்களில் ரோஜா வாசனை போகவில்லை. உன் சம்பந்திகள் மூன்று பேரும் போட்டி போட்டுக் குவித்த மாலைகள். அவற்றுக்கு நடுவே உன் முகத்தைத் தேட வேண்டியிருந்தது.

கான்வென்டில் நமக்கு ஒரே பெஞ்சு. வரலாறு எடுத்த சிஸ்டர் டென்மார்க் ராஜா ஒருவரைப் பற்றிச் சொன்னார். ஒரு மகள் இங்கிலாந்துக்கு ராணி, இன்னொருத்தி ரஷ்யாவுக்குச் சக்கரவர்த்தினி, ஒரு மகன் கிரீஸுக்கு ராஜா. ஐரோப்பாவின் மாமனார் என்றே அவருக்குப் பெயர். நீ வாயைப் பிளந்து கேட்டாய். ஆனால் மகளை இங்கிலாந்து இளவரசனுக்குக் கொடுத்த மறு வருடமே பிரஷ்யப் படை அவர் நாட்டின் தென்பகுதியைப் பிடுங்கிக்கொண்டது. சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு சிப்பாய்கூட வரவில்லை. இதை நான் எடுத்துச் சொன்னபோது, "போடி, உனக்கு எதுலயும் நொட்டை" என்றாய்.

அந்த ராஜாவைத்தான் வாழ்நாளெல்லாம் காப்பியடித்தாய். மூத்தவளை ஆரணி ரைஸ்மில்லுக்குக் கொடுத்தாய். மகனுக்கு லாட்ஜ் முதலாளி மகள். நடுவுளவள் வேங்கிக்காலில் ஓர் அரசு அதிகாரி வீட்டு மருமகள். சின்னவள் மட்டும் அடி அண்ணாமலையில் ஒரு பள்ளி ஆசிரியரைத் தானே கட்டிக்கொண்டாள். பௌர்ணமிதோறும் கிரிவலம் போவாய். அவள் தெரு வந்ததும் மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். உடன் வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

பக்கவாதம் வந்து உனக்குப் பேச்சு போன பிறகு சம்பந்திகள் ஃபோனில் விசாரித்தார்கள். உன்னைத் துடைத்து, கஞ்சி ஊட்டியவள் சின்னவள்.

நேற்று பிறந்த வீட்டுக் கோடிப்புடவை போர்த்தி முடிந்ததும் சண்டை தொடங்கியது.

"மூத்த சம்பந்தி நாங்க. அடுத்த கோடி எங்களுது" என்றார் ரைஸ்மில்காரர்.

"இந்த வீட்டுக்குப் பொண்ணு குடுத்தவங்க நாங்க இருக்கோம்ல?" என்றார் லாட்ஜ்காரர்.

"சீக்கிரம் முடிங்க. எனக்கு கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங்" என்றார் அதிகாரி.

சின்னவள் ஒரு கைத்தறிப் புடவையோடு வாசலிலேயே நின்றாள். உன் மகன் என்னிடம் குனிந்து, "அவங்க வீட்ட நாங்க சம்பந்தமா ஏத்துக்கலையே ஆன்ட்டி" என்றான்.

"உங்கம்மாவத் துடைச்ச கைய ஏத்துக்கிட்டியேடா. நகரு" என்றேன்.

"சரி, கடைசியா போடட்டும்" என்றார் லாட்ஜ்காரர், பெரிய மனது பண்ணி.

கடைசியாகவே போட்டாள். பட்டெல்லாம் அடியில் போயிற்று. உன்னைத் தூக்கியபோது தெரு பார்த்தது அந்தக் கைத்தறியைத்தான். இவர்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. உன் தேர்வு அப்படி.

எல்லோரும் போன பின் சின்னவள் கேட்டாள்: "பேச்சு நல்லா இருந்தப்ப அம்மா என்னைப் பத்தி எப்பனா பேசுனாங்களா ஆன்ட்டி?"

ஒருநாளும் நீ பேசியதில்லை. நான் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாய்.

"ரொம்பப் பேசுவா" என்றேன்.

பொய் சொல்லாதவள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, உனக்கே தெரியும். அவள் அடுத்த வாரம் வருகிறாளாம், நீ என்னவெல்லாம் பேசினாய் என்று கேட்க.