அரக்கர்களைச் செய்தது ஆர்?

என்ரை அன்பான அண்ணைக்கு,

டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் நாற்பது நாளாகப் போகிறது. வாயால் சொல்லுகிற துணிவு எனக்கு எப்போதும் இல்லை என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். உன்னைத் தெரிந்தவர்களும் இதை வாசிக்கட்டும்.

அப்பா உன்ரை சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறார். ஓடுவதில்லை. அம்மா இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறா. உன்ரை ஆறு பொம்மை அரக்கர்களில் ஐந்து பேர் கொக்குவிலில் உன்ரை கூட்டாளி ரமணண்ணை வீட்டில் இருக்கிறார்கள், ஒருவன் என் முன்னால் மேசையில். ‘உன்ரை’ என்று எழுதும்போதே கை நிற்கிறது, அண்ணை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் கூட்டாளிமார் சேர்ந்து மேசையில் சின்னச் சின்ன பொம்மை வீரர்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை விளையாடுவீர்கள். அதற்கு ஒரு அரக்கன் வேண்டும் என்றாய். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் அந்த விலைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு மாதச் சாமான் வாங்கலாம். நீ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் கை உடைந்த மல்யுத்த வீரன் பொம்மை ஒன்றை வாங்கி வந்து, ரமணண்ணையின் பொம்மை வீரர் பெட்டிகளில் மிஞ்சிய கை, கால், வாள், கேடயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் முன்னால் கொட்டினாய்.

“சும்மா இருக்கிறாய்தானே, ஏதும் செய்து பார்.”

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபிறகு என்னிடம் ஒருவர் ஒன்றைச் செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை. பொம்மையின் தலையை வெட்டிவிட்டு ஒரு சின்னத் தலையை வைத்தேன். “தலை காணாதடி, பெரிசா வை” என்று நீ கத்தினாய். தலை சின்னதாக இருந்தால்தான் உடம்பு மலையாகத் தெரியும் என்று நான் விடவில்லை. தைலப் போத்தல் மூடி கேடயமானது. தேங்காய்த் தும்பு தாடியானது. கடைசியாக அவன் இடுப்பு நாரில் சின்ன வீரர்களின் தலைகளைக் கட்டித் தொங்கவிட்டேன். அதுவரை பொம்மையாக இருந்தவன் அந்த நிமிஷம் அரக்கனானான். நீ வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாய்.

“ஆர் செய்தது எண்டு கேட்பாங்களே, என்ன சொல்ல?”

“என்னைச் சொல்லாதை. படிப்பை விட்ட பெட்டை பொம்மை விளையாடுறாள் எண்டு சிரிப்பினம்.”

“அப்ப நான் எண்டு சொல்லட்டோ?”

“ஓம்.”

அந்த ஒரு ‘ஓம்’தான். பிறகு இன்னும் ஐந்து அரக்கர்கள் செய்தோம். நீ பொருள் தேடினாய், நான் செய்தேன். அவர்கள் உன்னைப் புகழ்ந்ததை வந்து சொல்லும்போது உன் முகம் மலர்ந்திருக்கும். எனக்காகத்தான் மலர்ந்ததா? கொஞ்சம் உனக்காகவும் மலர்ந்ததா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உன்ரை நினைவாக அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் ரமணண்ணை ஒரு பக்கம் எழுதியிருந்தார். ‘அரக்கர்களைப் பிறப்பித்த விரல்கள்’ என்று. அம்மா அதை எத்தனை தரம் வாசித்தா என்று எனக்குத் தெரியாது. என்ரை விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் இருந்தேன்.

அந்தியேட்டிக்கு முதல்நாள் வீடு கழுவும்போதுதான் அம்மா அந்தத் தலைகளைக் கண்டா. “செத்த வீட்டிலை தலையளைக் கட்டிக்கொண்டு நிக்கிறாங்கள், மூதேசியள்!” கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டி, குப்பையோடு கொளுத்திப்போட்டா. நான் தூணோடு நின்று பார்த்தேன்.

அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள் ரமணண்ணையும் உங்களோடு விளையாடுகிற அஸ்லம் அண்ணையும் அரக்கர்களை எடுக்க வந்தார்கள். இந்த ஞாயிறு உன்ரை நினைவாக விளையாடப் போகிறார்களாம். அஸ்லம் அண்ணை ஒருவனைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னடா மச்சான் இது? அரக்கன் மாதிரியே இல்லை. சாப்பாட்டுக் கடை முதலாளி மாதிரி நிக்கிறான்.”

ரமணண்ணைக்குச் சிரிப்பு வரவில்லை. “என்ன குறையெண்டு தெரியேல்லை. தெரிஞ்சவனும் இல்லை.”

சின்னத் தலைகள் பக்கத்தில் இல்லாவிட்டால் பெரியவன் பெரியவனாகத் தெரிய மாட்டான். அதை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

நேற்று ரமணண்ணை தனியாக வந்தார், அந்த முதல் அரக்கனோடு. தானே திருத்தப் பார்த்திருக்கிறார். ஒட்டுகிற பசை தோள் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஒரு கை கழன்றிருந்தது. “கெடுத்துப்போட்டன், தங்கச்சி. அவன்ரை கடைசிச் சாமான்” என்று கழன்ற கையை நீட்டினார்.

“பசை மட்டும் காணாது, ரமணண்ணை. முதல்ல குண்டூசியைச் சூடாக்கிக் கைக்குள்ளை இறக்க வேணும். பிறகுதான் பசை. வெள்ளையை எண்ணெய் தொட்டுத் துடைச்சால் மங்கும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். பெருவிரலில் பழைய சூட்டுக் காயங்கள்.

“நீரோ செய்தனீர்?”

“ஓம்.”

“ஆறையுமோ?”

“ஓம்.”

சந்தோஷப்படுவார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் கதிரையில் மெல்ல இருந்தார்.

“அப்ப மூண்டு வருஷமா அவன் எங்களுக்குப் பொய்யோ சொன்னவன்?”

குசினியில் அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது. நான் கேட்டுத்தான் நீ சொன்னாய் என்பது நாக்கு வரை வந்து நின்றது. அவர் அரக்கனை மேசையில் வைத்துவிட்டு, “வாறன்” என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். அம்மா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. என்ரை பெயரை எடுக்கப் போய் உன்ரை பெயரைக் கெடுத்துவிட்டேனா? நீ இருந்தபோது சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். இப்போது அவர்களோடு சேர்ந்து சிரிக்க நீ இல்லை.

இன்று காலையிலிருந்து, அரக்கர்களின் இடுப்பில் திரும்பக் கட்ட, பையில் மிஞ்சிய சின்ன வீரர்களின் தலைகளை வெட்டுகிறேன். ஞாயிறு கொக்குவிலுக்கு நானே பஸ் ஏறிப் போவேன். எல்லாரும் இருக்கும்போது எழும்பி நின்று சொல்லுவேன்: அண்ணை பொய்யன் இல்லை, நான் கேட்டதால்தான் சொன்னவர், அவர் அந்தப் பையைக் கொட்டாவிட்டால் ஒரு அரக்கனும் இல்லை என்று. குரல் வராவிட்டால் இந்தக் கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுவேன். வாசித்து முடியும்வரை வெளியே ஓடமாட்டேன். இது சத்தியம்.

உன்னைப் பொய் சொல்ல வைத்த தங்கச்சி,
மதி
புத்தூர்