லொறிக்காரருக்குத் தெரியாத குளிர்

நஸீராவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் உயிரோடு இருந்தபோதே உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவளில்லை நான். மௌத்தாகி மூன்று வருடம் கழித்தா நாக்கு வரப்போகிறது? "இஞ்சருங்க" என்று எப்போதும்போல் கூப்பிடுகிறேன், கேளுங்கள்.

களைத்துப்போய் எழுதுகிறேன். நேற்றுப் பின்னேரம்தான் ஜெய்லானி தர்காவிலிருந்து வந்து இறங்கினோம். இடுப்பு தனியாகக் கழன்று கிடக்கிறது. உங்கள் மகள் நஸீராவுக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது, என்னை விட உயரம். வந்து படுத்தவள் இன்னும் எழும்பவில்லை.

நீங்கள் லொறியில் அரிசி ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் ஓடிய பாதை இப்போது அப்படி இல்லை. அம்பாறை தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் ஆமிக்காரர்கள் இறக்கி, பைகளைக் கொட்டிப் பார்த்து ஏற்றினார்கள். நீங்கள் பாணும் பருப்பும் தின்னும் சியம்பலாண்டுவைக் கடையும் மூடிக் கிடக்கிறது. துணைக்கு வந்த தம்பி, "என்னத்துக்கு ராத்தா இந்த நேரத்தில இந்தப் பயணம்?" என்று வழி முழுக்கக் கேட்டான். அவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

உங்களுக்குத் தெரியும். சூறாவளி அடித்த அன்றைக்கு வீட்டுக் கூரை பறந்தபோது, நாலு வயதுப் பிள்ளையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, அவள் மேல் நீங்கள் குப்புறக் கிடந்து நேர்ந்தீர்கள். பிள்ளை தப்பினால் ஜெய்லானி ஸியாரத்துக்குப் பச்சைப் போர்வை போர்த்துகிறேன் என்றீர்கள். பிள்ளை தப்பினாள். மறுவருடம் மருதமுனைத் தறியில் சொல்லி நெய்வித்து, அத்தர் பூசி, வெள்ளைத் துணியில் சுற்றி, தரையில் படாமல் மடியில் வைத்துக்கொண்டு ஊராரோடு வேனில் புறப்பட்டோம்.

புறப்பட முன் குளிருக்கு என்ன எடுப்பது என்று கேட்டேன். "குளிரா? மலையில குளிரெண்டு ஒண்டுமில்ல புள்ள. சேட்டக் கழட்டிப் போட்டுத்தான் நான் ஏத்தம் ஏறுறன்" என்றீர்கள். பத்து வருடம் மலைக்கு ஓடிய மனுசன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? லொறியின் எஞ்சின் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் அடுப்புப் போல எரிந்ததை அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

போகும் வழியில் உங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. வெல்லவாயவுக்குப் பக்கத்தில் வேனை விட்டு இறக்கி, பாறையில் செதுக்கிய பெரிய புத்தர் சிலைகளைக் காட்டினீர்கள். எந்தக் காலத்தில் செய்தது என்று யாரோ கேட்டதற்கு, "லொறி வாறதுக்கு முந்தி" என்றீர்கள். தியலும அருவியை நீங்களே கட்டி முடித்தவர் போலக் காட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் வந்தேன்.

அப்புத்தளையில் சிரிப்பு நின்றது. தேத்தண்ணிக் கடைக்குள் பனி புகுந்து முன்னால் இருப்பவரின் முகம் தெரியவில்லை. பிள்ளையின் உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுத்தது. என்னிடம் இருந்தது எல்லாம் வொயில் சேலையும் உங்கள் சாரனும்தான். நீங்கள் என் மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்தீர்கள்.

"வேணாம்! அது நேந்த சாமான்" என்று கத்தினேன்.

"நேந்தது ஆருக்காக? இவளுக்காகத்தானே" என்று சொல்லி அவளைச் சுற்றினீர்கள். அவள் அதிலேயே வாந்தி எடுத்தாள்.

அப்போதுதான் நான் அந்தச் சாபச் சொல்லைச் சொன்னேன். "நேர்ச்சைய ஊத்தையாக்கிட்டீங்க. இதுட பலாய் உங்கட தலையிலதான் விடியும்." நீங்கள் ஐஸ் போன்ற தண்ணீரில் அதைக் கசக்கி, வேனுக்கு மேலே கட்டிக் காயவைத்து, ஜெய்லானியில் போர்த்தினீர்கள். நான் உள்ளே வராமல் வெளியில் நின்றேன்.

ஐந்து வருடம் கழித்து, கொஸ்லந்தைக்கு மேலே லொறியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்தபடி மௌத்தாகிக் கிடந்தீர்கள். நெஞ்சுவலி என்றார் டாக்குத்தர். அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள் ஊரார். துக்கம் காத்து இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் என் காதில் கேட்டது நான் சொன்ன சொல்தான். வாய் தவறி விழுந்ததை யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன்? அதனால்தான் புதிதாக ஒரு பச்சைப் போர்வை நெய்வித்து, நேர்ச்சையைச் சரிக்கட்டப் போனேன்.

அப்புத்தளையில் அதே கடையில் வேன் நின்றது. மகளுக்குக் கம்பளி ஜேர்சி மறக்காமல் எடுத்தேன். எனக்கு எடுக்கவில்லை. நான் நடுங்குவதைப் பார்த்த கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார்.

"கல்முனையா? அதான் பார்த்தேன். கடல்ல குளிக்கப் போற மாதிரியே மலைக்கு வருவீங்க" என்று சிரித்து, உள்ளே போய் ஒரு மருதமுனைப் போர்வையைக் கொண்டுவந்து எனக்குப் போர்த்தத் தந்தார். "உங்க ஊரு லொறிக்காரர் ஒருத்தர் இந்தப் பக்கம் லோடு கொண்டாரப்ப எல்லாம் ஒண்ணு வச்சிட்டுப் போவாரு. ஜெய்லானி போற பிள்ளைங்க குளிர்ல வந்தா குடுக்கணுமாம்."

"எந்த லொறிக்காரர்?"

"பேரு தெரியாதும்மா. சட்டையே போடாம ஓட்டுவாரு."

"அது எங்கட வாப்பா" என்றாள் நஸீரா.

கடைக்காரர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "குளிரே இல்லன்னு வீட்டுல சொல்லிட்டேன், தப்பு என்னோடதுன்னு சொல்வாரு. 'அவ கோவத்துல ஒரு சொல்லு சொல்லிட்டா. எனக்கு ஒண்ணும் ஆகாது, அவதான் நினைச்சு நினைச்சுக் காய்வா, அவளுக்காக வேண்டிக்கிட்டு துஆச் செய்ங்க'ன்னு வர்றப்ப எல்லாம் கேப்பாரு."

வாய்விட்டு அழுதேன். அழுகைக்குள்ளேயும் கோபம் வந்தது உங்கள் மேல். மலையில் இருக்கும் தேத்தண்ணிக் கடைக்காரருக்குச் சொன்னதை என்னிடம் ஒரு வாய் சொல்லியிருந்தால் என்ன? ஒரே பாயில் ஐந்து வருடம் படுத்தோமே! நானும்தான் ஏன் கேட்கவில்லை?

புதுப் போர்வையை ஜெய்லானியில் போர்த்தவில்லை. நீங்கள் கழுவிப் போர்த்தியதையே அல்லாஹ் ஏற்று, கபூலாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். பிள்ளை என் கண் முன்னால் இருக்கிறாளே, இதைவிட என்ன வேண்டும்? புதியதை அந்தக் கடையில், உங்கள் போர்வைகளுக்கு மேலே வைத்துவிட்டு வந்தேன். என் சொல்லையும் அங்கேயே திருப்பி எடுத்துக்கொண்டேன்.

பாதை திறந்து கிடக்கிற வருடமெல்லாம் ஒரு போர்வை கொண்டுபோய் வைப்பேன், இது நிச்சயம். ஆனால் எனக்கென்று ஜேர்சி மட்டும் ஒருநாளும் எடுத்துப்போக மாட்டேன். அந்தக் கடையில் நடுங்கிக்கொண்டு இருந்தால்தானே நீங்கள் வைத்ததை எனக்குப் போர்த்துவார்கள்.

இப்படிக்கு,
உங்கட புள்ளட உம்மா