பால்கனியின் முதற்பலன்

2024 செப்டம்பர் 2, திங்கள்

மழை. முதல் வருடத் தாவரவியல் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலைத்துளைகளைப் பற்றிப் பேசினேன். எனக்கே மனம் ஒட்டவில்லை.

காரணம் தெரியும். காலையில் டீ கொண்டுபோனபோது ஜெபசிங் பால்கனி நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்தான். உதடு அசைந்தது. டம்ளரை வைத்துவிட்டு நின்றேன். நான் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. டீயில் ஆடை படர்ந்தது.

தாராவிக் கிறிஸ்தவப் பையனும் மாட்டுங்கா அய்யர் வீட்டுப் பெண்ணும் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஒன்றுதான். இரண்டு பேருக்கும் எந்தச் சாமியிலும் நம்பிக்கை இல்லை. பிள்ளைகளும் இல்லாத வீட்டில் அந்த ஒற்றுமையைத்தான் சொத்தாக நினைத்திருந்தேன். ஏப்ரலில் அவனுக்கு மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவன் தனியாக வரவில்லை. இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

“கோயிலுக்குப் போய்ட்டு வாரேன்.”

தேவாலயத்தை அவன் வீட்டில் கோயில் என்றுதான் சொல்வார்கள். இத்தனை வருடம் அந்தச் சொல்லை அவன் வாயில் கேட்டதில்லை. முகம் மழித்து, நீலச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனான். என்னோடு எங்கே வருவதற்கும் இப்படி மழித்ததில்லை. திரும்பி வந்தபோது ஏதோ பாட்டை முணுமுணுத்தான். சித்தப்பா மகள் ஞானசெல்வி பாடினாளாம், நன்றாக இருந்ததாம்.

டோம்பிவிலியில் இருக்கும் தங்கை வந்தனாவிடம் போனில் புலம்பினேன். “அந்த வீட்ல ஒருத்தராவது சாமி கும்பிடறாரே, விடேன்க்கா” என்று சிரித்தாள்.

செப்டம்பர் 9

போட்டிக்கு வந்தது வேறொரு பெண்ணாக இருந்தால் அவன் போனைத் திறந்து பார்த்திருக்கலாம்.

செப்டம்பர் 21, சனி

சண்டை. ஒரு எலுமிச்சங்காய்க்காக.

ஆறு வருடமாகத் தொட்டியில் வளர்க்கிறேன். மூன்றாவது மாடிக்குத் தேனீ வருவதில்லை. மே மாதம் பூத்தபோது, அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாற்காலியில் கிடந்த நாட்களில், மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் ஏற்றினேன். ஒரே ஒரு காய் நின்றது.

இன்று அதைத் தடவிப் பார்த்து, “கர்த்தர் காய்க்க வச்சுட்டாரு பாத்தியா” என்றான்.

“பிரஷ் பிடிச்சது யாரு?”

“நீதான். யாரு இல்லேன்னு சொன்னா?”

“அப்போ தேங்க்ஸ் யாருக்கு?”

காயை மறுபடி தடவினான். அவனுக்கு மருந்து நேரம் பார்த்தது யார்? ஐசியு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தது யார்? இராப்பகலாக நான் காத்தேன். ஸ்தோத்திரம் அவருக்கு. அவருக்கென்ன, ஒரு நாள்கூட லீவு போடாமலே பேர் வாங்கிவிட்டார்!

சின்னப் புத்திதான். எழுதிப் பார்த்தாலும் குறையவில்லை.

அக்டோபர் 5, சனி

காலையில் அவனாகவே பேசினான். “நம்ம ஹார்பர் லைன் வண்டி என்னைக்காவது நேரத்துக்கு வருதா? ஆனா வெளிச்சம் லேட்டாவே இல்ல பாரு. உலகம் உண்டான நாள்ல இருந்து சொன்ன சொல்லு தப்பல. அவரு அப்படி.”

“பூமியோட சுழற்சி குறைஞ்சிண்டே வரது. ஒரு காலத்துல நாளே இதைவிடச் சின்னது” என்றேன்.

“ஓ. சரி” என்றான். செய்தித்தாளை எடுத்துக்கொண்டான்.

நான் சொன்னது சரிதான். பின் ஏன் நாள் முழுக்க உறுத்துகிறது? பசுங்கணிகங்களை மைக்ரோஸ்கோப்பில் எத்தனை முறை பார்த்திருப்பேன். ஒளியைத் தின்று உணவாக்கும் அந்தச் சின்னப் பச்சைத் துணுக்குகள் — அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பார்த்து முடித்ததும் ஸ்லைடைக் கழுவி வைத்துவிடுகிறேன். அவனுக்கு அதிசயத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. எனக்கு இல்லை. பொறாமை அவர்மேல் மட்டுமா, அவன்மேலும்தானா?

அக்டோபர் 20, ஞாயிறு

நான் எழுவதற்குள் அவன் கிளம்பிப் போயிருந்தான். தண்ணீர் ஊற்றப் போனால் செடியில் காய் இல்லை. காக்காயா? காம்பைப் பார்த்தேன். கத்தரியால் சாய்வாக, சுத்தமாக வெட்டியிருந்தது. அப்படி வெட்ட அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

என் செடிடா அது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

இன்றைக்கு அறுப்பின் பண்டிகை என்று சொல்லியிருந்தான். முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொடுக்கும் நாள். தலைகூட வாராமல் ஆட்டோ பிடித்துத் தாராவிக்குப் போனேன்.

ஆராதனை முடிந்திருந்தது. வந்த பொருள்களை வாசலில் ஏலம் விடுவது அவர்கள் வழக்கம். வாழைத்தார், பூசணிக்காய், கால் கட்டிய சேவல், யாரோ செய்த கேக். மைக்கில் பாக்கியநாதன் என்ற பெரியவர். “சேவலு கோவிச்சுக்கிட்டு நிக்கி, சட்டுன்னு கேளுங்கய்யா!” அடுத்து ஒரு எவர்சில்வர் தட்டு. அதன் நடுவில் என் காய், தனியாக.

“நம்ம ஜெபசிங் பால்கனில காய்ச்சது! தொட்டி மண்ணுல கர்த்தர் குடுத்த பலன்!”

கையைத் தூக்கிவிட்டேன். கல்லூரி மீட்டிங்கில்கூடத் தூக்காத கை. எதிரே ஞானசெல்வி கேட்டாள். நான் ஏற்றினேன். அவள் ஏற்றினாள். “செல்வி, விட்றாத!” என்று யாரோ உசுப்பினார்கள். ஒரு காய்க்கு ஒரு மூட்டையின் விலை ஏறியது. அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். “ஏ, மதினில்லா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வீட்டுக்காரம்மாவே கேக்காவ! ஒரு தரம்… ரெண்டு தரம்…”

கிடைத்தது. பெரியவர் தட்டை என்னிடம் நீட்டியபடியே, “மறு ஏலத்துக்குத் தாரீங்களாம்மா?” என்றார். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பார்கள், மறுபடி ஏலம் போகும், அதுதான் பெருமையாம். எனக்கு எப்படித் தெரியும்?

“தர மாட்டேன்” என்றேன். மைக்கில் விழுந்துவிட்டது. தெருவே சிரித்தது. ஜெபசிங் தூண் ஓரமாக நின்றான். அவன் சிரிக்கவில்லை.

ஞானசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோவப்படாதீங்க மதினி. காலைல கோயில்ல எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்லும்போது அண்ணன் உங்களப் பத்தித்தான் சொன்னாவ. பிரஷ்ஷ வச்சுப் பூவத் தொட்டீங்களாமே. ஆஸ்பத்திரில உக்காந்துக்கிட்டே தூங்குனீங்களாமே. ஆண்டவரு உங்க கையக் கொண்டுதான் தன்னையப் பொழைக்க வச்சாருன்னு சொல்லி அழுதுட்டாவ.”

அழுதானா? இத்தனை பேர் நடுவில்? என் முன்னால் ஒரு சொட்டு விட்டதில்லை.

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அந்த அழுகையையும் அவருக்குத்தானே கொடுத்திருக்கிறான்.

அக்டோபர் 21, திங்கள்

காபி கொடுக்கும்போது கேட்டேன். “அதையெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்லலை?”

டம்ளரைக் கீழே வைத்தான்.

“உங்கிட்ட சொன்னா நீ திருத்துவ, ஷ்யாமு.”

“அவர்?”

“கேட்டுக்கிட்டு இருப்பாரு.”

பிறகு அவனே, “பறிச்சது தப்புதான். கேட்டா நீ குடுக்க மாட்டேன்னு…” என்றான்.

“குடுத்திருப்பேன்” என்றேன். பொய். கொடுத்திருக்க மாட்டேன்.

அக்டோபர் 27

அந்தக் காயைப் பிழிந்து ஜூஸ் போட்டோம். சாறு குறைவு. வாசனை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 19

இன்று இரண்டு முறை அவனைத் திருத்தாமல் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது முறை முடியவில்லை.

2025 ஜனவரி 18, சனி

“சிவ்ரி வரைக்கும் போலாமா?” என்று நான்தான் கேட்டேன். வீட்டருகே திலக் நகரில் வண்டி ஏறிச் சிவ்ரியில் இறங்கினோம். கரையில் சேறு நாற்றம். தூரத்தில் சுத்திகரிப்பு ஆலைப் புகை. அதற்கு நடுவே அலையிறங்கிய சேற்றில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள், இளஞ்சிவப்பாக, தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டு.

“இம்புட்டு அழுக்குலயும் வருசந் தவறாம இங்க கொண்டு வந்து சேக்காரே” என்றான்.

வலசை வழி, குஜராத்து உப்பளங்கள், எல்லாம் நுனிநாக்கில் இருந்தன. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன்.

அவன் கண்ணை மூடினான். இந்த முறை உதட்டசைவோடு நிற்கவில்லை. சத்தமாகவே ஆரம்பித்தான், பக்கத்தில் மீன்காரர்கள் இருந்தும். நன்றி, நன்றி என்று போய்க்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்தி, ஒரு கண்ணைத் திறந்து என் பக்கம் குனிந்தான்.

“ஏட்டி, இதுக்கு இந்த நெறம் எதுல இருந்து வருது?”

“பாசிலேர்ந்து. அதைத் தின்னுதான்.”

கண்ணை மறுபடி மூடிக்கொண்டான்.

“பாசிக்காகவும் ஸ்தோத்திரம், ஆண்டவரே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.