எண் மூன்றினை அழுத்துக

மாசி 5, திங்கள்

“ஃபார் இங்கிலீஷ், பிரஸ் ஒன்.”

நம் மகளிர் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் புதுத் தொலைபேசி இன்று முதன்முதலாக வாய் திறந்தது. திறந்ததும் ஆங்கிலம். தலைவி நான் உயிரோடு இருக்கும்போதே!

இணையவழித் தொலைபேசி வேண்டும் என்று பொதுக்குழுவில் முழங்கியவளும் நானே. பழைய தொலைபேசியில் ஒருத்தி தீவனம் கேட்டுக்கொண்டிருந்தால், மாடு விழுந்து கிடப்பவளுக்கு ‘டொய்ங் டொய்ங்’ ஒலிதான். இதில் ஒரே எண்ணுக்குப் பத்துப் பேர் அழைக்கலாம். தீவனம் கேட்பவள் அலுவலகத்துக்கும், மாடு நோயுற்றவள் நம் கால்நடை மருத்துவர் ஜாஸ்மினின் கைப்பேசிக்கும் போய்ச் சேரலாம், அவர் எந்த ஊர்த் தொழுவத்தில் நின்றாலும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு என் மொழி தெரியாதா?

பொருத்த வந்த அருண்குமாரைக் கேட்டேன்.

“குரல மாத்திடலாங்க மேடம்.”

“மேடம் என்னாதே.”

“சரிங்க மேடம்.”

மாசி 7

வரவேற்புரையை நானே எழுதி, நானே பேசிப் பதிந்தேன். ‘ஆநிரை காக்கும் அன்புடைத் தாய்மாரே’ என்று தொடக்கம். ஆறு வரி வாழ்த்து, நான்கு வரி சங்க வரலாறு, பின்னர் எண்கள். தீவனத்திற்கு ஒன்று, கொள்முதலுக்கு இரண்டு. ‘கால்நடை ஈனுகை இடர்ப்பாட்டிற்கு எண் மூன்றினை அழுத்துக.’ மொத்தம் ஒன்றே முக்கால் மணித்துளி.

“பத்து செகண்டு போதுங்க. இது மேடை இல்லீங்களே” என்றான் அருண்குமார்.

அரூர்த் திடலில் மழையில் நனைந்தபடி இரண்டு மணி நேரம் என்னைக் கேட்ட மக்களை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான இவன் பத்து நொடியில் அளக்கிறான்.

மாசி 8

தமிழ் மன்றத்தார் வரவேற்புரையைக் கேட்பதற்கென்றே சங்க எண்ணை மும்முறை அழைத்தார்களாம். தேன் என்றார்கள்.

மாசி 13, செவ்வாய்

ஆறு நாளில் அறுபத்திரண்டு அழைப்பு. ஐம்பத்தெட்டுப் பேர் என் உரையை இறுதிவரை கேட்டிருக்கிறார்கள். எண்ணை அழுத்தியவர் மூவர்!

அருண்குமாரிடம் கருவி பழுது என்றேன். “கருவி நல்லாத்தாங்க இருக்குது. யாரும் அமுக்கல” என்கிறான். எவ்வளவு துணிச்சல். இறுதிவரை கேட்டவள் ஏன் அழுத்தாமல் போகிறாள்? குறை அவர்கள் விற்ற சரக்கில். நிறுவனத்துக்கு ஏழு பக்க மடல் எழுதிவிட்டேன். ‘ஏமாற்று’ என்னும் சொல் ஒன்பது இடத்தில் வருகிறது.

மாசி 16

அதியமான்கோட்டை உறுப்பினர் குள்ளம்மாளின் கன்று செத்துப் பிறந்தது. காலை ஏழு மணிக்கு அவள் சங்கத்தை அழைத்திருக்கிறாள். ஜாஸ்மினுக்கு அழைப்பே போகவில்லை.

மாசி 17

அதியமான்கோட்டைக்குப் போனேன். சினத்தோடுதான் போனேன். தாய் மாடு பிழைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டார் கை கொடுத்திருக்கிறார்கள்.

“மூன்றை ஏன் அழுத்தவில்லை?” என்று கேட்டேன்.

“நீங்க பேசிக்கிட்டு இருக்கறீங்க. நடுவால பட்டன அமுக்கலாங்களா? மருவாதி இல்லீங்களே.”

“அது நான் இல்லை, குள்ளம்மா. பதிவு.”

“கொரலு உங்களுதுதானுங்களே. காதுல இருந்து எடுத்தாத்தான் நம்பரே தெரியும். எடுத்தா நீங்க சொல்றது கேக்காது.”

“நான் பேசி முடித்த பின்பாவது?”

“முடிச்சீங்க. நான் வெவரம் சொன்னேன். நீங்க மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சீங்க. அப்புறம் வெச்சுட்டீங்க.” சற்று நேரம் மாட்டின் முதுகைத் தேய்த்தாள். “எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன்.”

மாசி 18, ஞாயிறு

அழைப்பவர் பேசுவதும் பதிவாகிறதாம். அருண்குமாரை வரவழைத்துக் கேட்டேன். ஒன்றல்ல, இருபது.

நான் பேசுகிறேன். அவர்கள் ‘உம்’ கொட்டுகிறார்கள். ‘ஆமாங்கம்மா’ என்கிறார்கள். ஒருத்தி என் உடல்நலம் கேட்கிறாள். நான் வரலாறு சொல்கிறேன்.

பின்பு குள்ளம்மாள். “அம்மா, விடியால இருந்து முக்குதுங்க, காலு மட்டும் வெளிய வந்திருக்குது… இல்லீங்க, நீங்க பேசி முடிங்க. நான் இருக்கறேன்.”

அதன்மேல் என் குரல். கணீரென்று. ஆநிரை காக்கும் அன்புடை—

வாய மூடேண்டி. அங்க கன்னு சாவுது, நீ என்னாத்துக்குடி பாடிக்கிட்டு இருக்கற.

உரக்கவே சொல்லிவிட்டேன் போலும். அருண்குமார் ஒலியை நிறுத்தினான்.

மாசி 19

நல்ல வேளை, ஏழு பக்கமும் அஞ்சலில் சேர்க்கவில்லை. கிழித்தேன். அருண்குமாரிடம் பொறுத்துக்கொள் என்றேன்.

வாழ்த்து இல்லை. வரலாறு இல்லை. அழுத்துவதற்கு எண்ணும் இல்லை. யார் அழைத்தாலும் அலுவலகம், ஜாஸ்மின், நான் – மூவர் கைப்பேசியும் ஒருசேர ஒலிக்கும். முதலில் எடுப்பவர் கேட்டு, உரியவருக்கு மாற்றிவிடுவார். இதையும் இந்தக் கருவி முதல் நாளிலிருந்தே செய்யக்கூடியதாம். நான் எங்கே கேட்டேன்?

மாசி 24

வரவேற்புரையை எடுத்தது தமிழுக்கு இழைத்த இரண்டகம் என்கிறார் மன்றச் செயலாளர் மாதவராஜ். உங்களிடம் மாடு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். பிறகென்ன பேச்சு!

பங்குனி 2, ஞாயிறு

நல்லம்பள்ளியில் பொதுக்கூட்டம். உரை உச்சத்துக்கு ஏறும் இடத்தில் கைப்பேசி ஒலித்தது. இன்று அலுவலகம் விடுமுறை. ஜாஸ்மினும் எடுக்கவில்லை, வண்டியில் இருந்திருப்பார். பேச்சை நிறுத்தி எடுத்தேன்.

“சொல்லுங்க.”

ஒரு பெண் குரல். கன்றின் தலை உள்ளே மடங்கிக் கிடக்கிறதாம். நானே ஜாஸ்மினை அழைத்தேன், இரண்டாம் முறை எடுத்தார். மாற்றிவிட்டு நிமிர்ந்தால், எந்த வரியில் விட்டேன் என்பது நினைவில்லை. முப்பது ஆண்டு மேடையில் இப்படி ஆனதில்லை.

ஒலிவாங்கியை அணைக்காமலே பேசியிருக்கிறேன். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

“பேச்சு இருக்கட்டுங்க. மாடு என்னாச்சு?”

தெரியவில்லை என்றேன். மேடையில் நானும் கீழே அவர்களும், ஜாஸ்மின் திரும்ப அழைக்கும்வரை ஒன்றும் பேசாமல் காத்திருந்தோம்.