நாலு பக்கத்து மண்

ஒரத்தநாடு,
12.09.2024

குந்தவையின் அம்மாவுக்கு,

ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அதனால் எழுதி உன் கேட்டில் செருகுகிறேன். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே நிற்கும் தூங்குமூஞ்சி மரம் காய்கிறது. கஜா புயலுக்கே அசையாத மரம். வெட்டச் சொல்லி நீ மூன்று வருடமாக ஆள் விட்டுக் கேட்டாய். இப்போது வேரில் எதையோ ஊற்றியிருக்கிறாய். மண் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதாக வந்திருக்கிறது. நான் நம்பவில்லை. பாகப் பிரிவினையில் மரம் எனக்கு வந்தது என் தம்பிக்கும் உனக்கும் இன்னும் ஆறவில்லை.

தியாகேசன்


13.09.2024

குந்தவையின் பெரியப்பாவுக்கு வணக்கம்.

நீங்க மண் எடுத்ததை ஜன்னலில் இருந்து பார்த்தேன். வயல் மண் எடுக்கிற மாதிரி நாலு பக்கமும் வெட்டி, சாக்கில் கொட்டிக் கலந்து, அதில் அரைக் கிலோ. எம்.ஏ. படித்தவருக்கு இது தெரியவில்லையா? நான் ஊற்றியிருந்தால் என் பக்கத்து மண்ணில்தானே இருக்கும்? கலந்துவிட்டால் எப்படித் தெரியும்? தனித்தனிப் பையில் கொடுங்க. என் பக்கத்து மண்ணை நானே வெட்டித் தருகிறேன்.

உங்க தம்பி குவைத்தில் இருக்கிறார். காற்று கிளம்பினால் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டுப் பாப்பா எங்கே என்று ஓடுகிறேன். அவள் படிக்கிற அறைக்கு நேர் மேலேதான் உங்க மரம் சாய்ந்திருக்கிறது.

மங்களாம்பிகை


14.10.2024

குந்தவையின் அம்மாவுக்கு,

நான்கு பைகளுக்கும் முடிவு வந்துவிட்டது. உன் பக்கத்து மண் சுத்தம். மற்ற இரண்டு பக்கமும் அப்படியே. உப்பு என் பக்கத்தில்தான். ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டிய உப்பின் அளவு 2.9 இருக்கிறது.

நான்கு வருடமாக ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரை மரத்தடிக்குத்தான் விடுகிறேன். தண்ணீர் வீணாகக் கூடாது என்று நானே குழாய் போட்டேன். குடிநீரிலிருந்து பிரிக்கும் உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் சேர்கிறதாம். இன்று கடப்பாரையால் தோண்டிப் பார்த்தேன். என் பக்கத்து வேர் கையோடு பிய்ந்து வந்தது. மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தது அந்த வேர்தான். இனி விழுந்தால் உன் வீட்டின் மேல்தான் விழும்.

நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் இரண்டு வருடத்தில் தேறலாம் என்கிறார் வேளாண்மை அதிகாரி. நாளை மறுநாள் புயல் மழை, காற்று இன்று ராத்திரியே கிளம்பலாம் என்கிறார்கள். கிளை கழிக்க ஆள் நாளைக்குத்தான் வருகிறான். பாப்பாவை அழைத்துக்கொண்டு இப்போதே இங்கே வந்துவிடு. இதைச் சொல்லிக் காட்டுவதென்றால் அப்புறம் காட்டிக்கொள்.

தியாகேசன்


14.10.2024, மாலை

குந்தவையின் பெரியப்பாவுக்கு,

கடிதம் கொண்டுவருவது பாப்பாதான். புத்தகப் பையும் மாற்றுத் துணியும் கொடுத்திருக்கிறேன். ராத்திரிக்கு இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட மாட்டாள், வற்புறுத்த வேண்டாம்.

நான் வரவில்லை. மரம் காய ஆரம்பித்தபோது, விஷம் வைத்தவள் என்று என்னைத் தெருவில் நின்று சொன்னீங்க. நாலு வீடு கேட்டது. அதே தெருவில் நின்று, அவள் இல்லை, நான்தான் என்று சொல்லிக் கூப்பிடுங்க. வருகிறேன்.

காற்று கிளம்பிவிட்டது. நான் பாப்பாவின் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மங்களாம்பிகை